பட்டென்று விரியும் டென்ட் வாங்கலாமா? குடும்பத்தோடு மலைக்குப் போக

கூடல்நகர்க்காரன் | புதன் இரவு 9:40

வணக்கம் மக்களே. பூம்பாறைக்கு மேலே நண்பர் ஒருவருக்குப் பூண்டுத் தோட்டம் இருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் வந்து இரண்டு இரவு தங்கிவிட்டுப் போ என்று மூன்று வருடமாகக் கூப்பிடுகிறார். அங்கே ஒரு தகரக் கொட்டகை, ஒரு கழிவறை, குழாயில் தண்ணீர், அவ்வளவுதான். படுக்க டென்ட் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆட்கள்: நான், வீட்டுக்காரம்மா, ஒன்பது வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண். சில பயணங்களில் அம்மாவும் வருவார். சின்ன கார்.

போன வருடம் அலுவலகத்தில் ஒருவரிடம் கம்பி கோக்கிற சாதாரண டென்ட் இரவல் வாங்கிக்கொண்டு, அரியமான் பக்கம் உறவினர் தென்னந்தோப்புக்குப் போனோம். போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. எந்தக் கம்பி எந்தத் துளையில் என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். செல்போன் வெளிச்சம் பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறது என்று பையன் அழுதுவிட்டான். கடைசியில் நான்கு பேரும் காருக்குள் உட்கார்ந்தபடியே தூங்கினோம்.

அதனால் தூக்கிப் போட்டால் தானாக விரிகிற வகைதான் வேண்டும். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கும் இருக்கிறது, 15,000 ரூபாய்க்கும் இருக்கிறது. படத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. என் கையில் 7,000 ரூபாய். எதைப் பார்த்து வாங்குவது? சொந்தமாக வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஆரப்பாளையம்_பஸ் | புதன் இரவு 9:58

விரிக்க இரண்டு நொடி. மடக்க? அதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள் அண்ணே.

என்னிடம் கார் இல்லை. இரண்டு பேர் படுக்கிற டென்ட், தட்டு மாதிரி மடங்குவது. தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை, கல்யாண வீட்டு அண்டாவின் மூடி. குறுக்கே 70 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறினேன். மேலே பரணில் நுழையவில்லை, சீட்டுக்கு அடியில் போகவில்லை. கண்டக்டர் வந்து, "என்னப்பா, கேரம் போர்டா?" என்றார். வத்தலக்குண்டு வரை மடியில் வைத்திருந்தேன், அதற்கு மேல் மலைப்பாதை வளைவுகளில் பக்கத்து சீட்டு அம்மாவின் மடியிலும் பாதி இருந்தது.

திரும்பும் நாள் காலையில் அதை மடக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. ஒரு தடவை கை நழுவி வளையம் பட்டென்று விரிந்ததில் மூக்குக் கண்ணாடி பறந்துவிட்டது. பஸ்ஸையும் விட்டேன்.

சாதாரண டென்டை மொட்டை மாடியில் நான்கு முறை போட்டுப் பழகினால் பத்து நிமிடத்தில் நிற்கும். அன்று டென்ட் மேல் தப்பு இல்லை, பழகாமல் போனதுதான் தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேலூர்_மதினி | புதன் இரவு 10:15

ஆரப்பாளையம் தம்பி தனி ஆள், அவருக்குப் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஒன்று தோளில், மழை தூற ஆரம்பிக்கிறது, இன்னொன்று ஒன்றுக்குப் போகணும் என்கிறது. அந்த நேரத்தில் பத்து நிமிடம் என்பது எவ்வளவு பெரியது என்று இரண்டு பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள். எங்களிடம் தூக்கிப் போடும் வகைதான் நான்கு வருடமாக இருக்கிறது. விரித்து, பிள்ளைகளை உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்துவிட்டு, அப்புறம் நிதானமாக மற்றதைப் பார்க்கலாம்.

முதலில் தலையை எண்ணுங்கள். டென்டில் "3 பேர்" என்று போட்டிருந்தால், மூன்று பேர் அட்டைப்பெட்டித் தீக்குச்சி மாதிரி படுக்கலாம் என்று அர்த்தம். ஒரு பெரியவருக்கு 60 சென்டிமீட்டர் அகலம் என்று கணக்குப் போட்டுத்தான் அதை எழுதுகிறார்கள். பையும் செருப்பும் வைக்க இடம் இல்லை. நான்கு பேர் என்று போட்டிருந்தால் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டை. அம்மாவும் வந்தால் அம்மாவைக் கொட்டகையில் படுக்கச் சொல்வதுதான் வழி, இல்லாவிட்டால் நீங்கள் கொட்டகைக்குப் போக வேண்டும்.

கூடல்நகர்க்காரன் | புதன் இரவு 10:21

நான்தான் கொட்டகைக்குப் போவேன் என்று இப்போதே தெரிகிறது.

தார்ப்பாய்_தையல் | வியாழன் காலை 6:50

மதுரையில் லாரித் தார்ப்பாயும் பந்தல் துணியும் தைத்துக் கொடுக்கிறேன், இருபத்திரண்டு வருடமாக. டென்டும் பழுதுக்கு வரும். எதில் எது உடைகிறது என்று பார்த்த வகையில் சொல்கிறேன்.

"தானாக விரிவது" என்று விற்பதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று தூக்கிப் போடுவது. துணிக்குள்ளே பெரிய வளையம் வளையமாகக் கண்ணாடியிழைக் கம்பி, மலிவானதில் எஃகுப் பட்டை. அதை முறுக்கி மடக்கி வைத்திருக்கிறோம், விட்டவுடன் விரிகிறது. இன்னொன்று குடை மாதிரி. உச்சியில் ஒரு மூட்டு, அங்கிருந்து கால்கள். கயிற்றை இழுத்தால் அல்லது மூட்டை மேலே தள்ளினால் நிற்கும். இது விரிய ஒரு நிமிடம் ஆகலாம், ஆனால் மடக்கினால் நீளமான பை, கார் டிக்கியில் கம்பளி மாதிரி கிடக்கும்.

பழுது என்று பார்த்தால், தூக்கிப் போடுவதில் கம்பி ஒடிந்தால் கதை முடிந்தது. கம்பி துணிக்குள் தைக்கப்பட்டிருக்கும், தையலைப் பிரித்து எடுத்துச் சேர்க்க என்னிடம் கொடுத்தால் கூலியே பாதி டென்ட் விலை வரும். எஃகுப் பட்டை ஒடியாது, ஆனால் கடற்கரைக்கு இரண்டு தடவை கொண்டுபோனால் துருப்பிடித்துத் துணியில் காவிக்கறை ஏறும், அப்புறம் அந்த இடமே இற்றுப்போகும். குடை வகையில் உச்சி மூட்டுதான் பலவீனம். பிளாஸ்டிக் மூட்டு, உள்ளே சின்னச் சின்னப் பல். வெயிலில் கிடந்தால் நொறுங்கும். வாங்கும்போது அதைத்தான் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். கால்கள் அலுமினியமா, கண்ணாடியிழையா என்பது அடுத்தது.

துணி. ஒற்றைத் துணி டென்டை மலைக்கு வாங்காதீர்கள். 1,500 ரூபாய் டென்ட் எல்லாம் அதுதான். உள்ளே ஒரு துணி, மேலே மழைக்கு ஒரு விரிப்பு, நடுவில் காற்று ஓட நாலு விரல் இடைவெளி. அப்படி இருக்க வேண்டும்.

கடைசியாகத் தையல். நான் தைக்கிறவன், எனக்குத் தெரியும்: ஊசி இறங்கிய இடம் எல்லாம் ஓட்டை. அங்குலத்துக்கு ஏழெட்டு ஓட்டை. நல்ல டென்டில் அந்தத் தையல் மேல் உள்பக்கமாக ஒரு பட்டையைச் சூடு வைத்து ஒட்டியிருப்பார்கள். விரிப்பைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி ஒரு நாடா ஓடும். அது இல்லாத டென்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் மழை உள்ளே வரும்.

கணக்குவாத்தி | வியாழன் காலை 7:30

அந்த மில்லிமீட்டரைப் பற்றி, ஏனென்றால் பலர் அதைத் துணியின் கனம் என்று நினைக்கிறார்கள். துணிக்கு மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எந்த உயரத்தில் துணி கசிய ஆரம்பிக்கிறதோ அந்த உயரம் அது. 1500 என்றால் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நின்றாலும் தாங்கும். அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம். கூரைக்கு அது தாராளம், மழைத்துளி அவ்வளவு அழுத்தாது.

ஆனால் தரை வேறு கதை. நீங்கள் முட்டி போட்டு உள்ளே நகர்கிறீர்கள். முட்டியில் 30 கிலோ இறங்குகிறது, முட்டி தரையில் படுவது 50 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 600 கிராம். அதாவது 6000 மில்லிமீட்டர். கூரைக்கு 2000 என்று பெரிதாகப் போட்டுவிட்டுத் தரைக்கு ஒன்றும் போடாமல் விடுகிறார்கள். ஈர நிலத்தில் முட்டி பட்ட இடத்தில் தண்ணீர் ஊறி வருவது இதனால்தான். கீழே ஒரு தார்ப்பாய் போட்டால் தீர்ந்தது, ஆனால் அது டென்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் கூரையில் இருந்து வழிகிற தண்ணீரை அதுவே ஏந்தி அடியில் கொண்டுபோய் விடும்.

குளிருக்கும் ஒரு கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் நம்மைவிட சுமார் 2,000 மீட்டர் மேலே. டிசம்பரில் மதுரையில் இரவு 21 டிகிரி என்றால் அங்கே 8. எந்த டென்டும் அதை 15 ஆக்காது. கூடாரம் காற்றையும் பனியையும் தடுக்கும், சூடு உங்கள் கம்பளியில் இருந்தும் அடியில் போடும் பாயில் இருந்தும்தான் வர வேண்டும். குளிர் தரையில் இருந்துதான் ஏறும். மேலே இரண்டு கம்பளி போர்த்துவதைவிடக் கீழே ஒன்று விரிப்பது மேல்.

மொட்டைமாடி | வியாழன் காலை 11:05

நீங்கள் எல்லாரும் குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள். வருடத்தில் இரண்டு நாள் பூம்பாறை, மிச்சம் 363 நாள் மதுரை. வாங்கிய டென்ட் பரணில் தூங்கக் கூடாது என்றால் நம் ஊருக்கும் ஏற்றதாகப் பாருங்கள். நான் சித்திரை வைகாசியில் மாடியில்தான் படுப்பேன். மேல்விரிப்பைத் தனியாகக் கழற்ற முடிகிற, உள்கூடாரம் பாதிக்கு மேல் கொசுவலையாக இருக்கிற டென்ட் என்றால் அன்றாடம் பயன்படும். தூக்கிப் போடும் வகையில் பலவற்றில் இரண்டும் சேர்த்தே தைத்திருக்கிறார்கள், கழற்ற முடியாது. அதில் மதுரையில் படுத்தால் இட்லி மாதிரி வெந்துவிடுவோம்.

கூடல்நகர்க்காரன் | வியாழன் பகல் 1:20

உள்ளே கறுப்புப் பூச்சு போட்டு வெயிலை நிறுத்துகிற டென்ட் ஒன்று பார்த்தேன். அது எப்படி?

மேலூர்_மதினி | வியாழன் பகல் 2:02

எங்களுடையது அதுதான். டெக்கத்லான் கடையின் கெச்சுவா. வெளியே வெள்ளை, உள்பக்கம் கறுப்பு. காலை எட்டு மணிக்கும் உள்ளே இருட்டு. பிள்ளைகள் தூங்குவார்கள், நாம் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். சாதாரண டென்டோடு பார்த்தால் சூடும் குறைவுதான். ஆனால் மதுரை வெயிலில் நடுப்பகல் பதினொன்றுக்கு மேல் எந்த டென்டிலும் இருக்க முடியாது, மரத்தடிதான். ஒரு தொந்தரவு, இரவில் உள்ளே விட்ட டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச் வேண்டும்.

இந்தத் தூக்கிப் போடும் டென்டைப் பரவலாக்கியதே அவர்கள்தான் என்று சொல்வார்கள், 2005இல் "2 செகண்ட்ஸ்" என்ற பெயரில் விட்டார்கள். அதே பெயரில் இப்போது கயிறு இழுத்தால் நிற்கிற, தட்டாக மடங்காத வகையும் இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு வேறொன்று வந்தது என்று நிற்காதீர்கள், மடக்கின அளவு என்ன என்று பாருங்கள்.

தேனிக்காற்று | வியாழன் இரவு 8:45

டிசம்பர் பயணம் என்பதால் யாரும் காற்றைச் சொல்லவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கம் வெறும் பழமொழி இல்லை. ஆனி ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஆண்டிபட்டிக் கணவாயிலும் அடிக்கிற காற்றுக்குத்தான் அந்தக் காற்றாலைகளை எல்லாம் நட்டு வைத்திருக்கிறார்கள். என் மைத்துனர் தூக்கிப் போடும் டென்டைத் தோப்பில் விரித்துவிட்டு, முளை அடிப்பதற்கு முன்னால் தண்ணீர் எடுக்கப் போனார். திரும்பி வரும்போது டென்ட் பக்கத்து வயலில் திராட்சைப் பந்தல் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு நொடியில் விரிகிறது என்றால் இரண்டு நொடியில் பறக்கவும் செய்யும். விரித்தவுடன் உள்ளே ஒரு கனமான பையைப் போடுங்கள், அப்புறம் முளை.

முளையும் டென்டோடு வருவதை நம்பாதீர்கள். பேனா ரீஃபில் தடிமனில் நான்கு கம்பி கொடுப்பார்கள். நம் செம்மண் காய்ந்தால் கல். இரண்டு அடி அடித்தால் அந்தக் கம்பி கேள்விக்குறி மாதிரி வளைந்துவிடும். வெல்டிங் பட்டறையில் 8 எம்எம் முறுக்குக் கம்பியை ஓர் அடி நீளத்துக்கு வெட்டி, தலையை வளைத்து, நுனியைத் தீட்டித் தரச் சொல்லுங்கள். எட்டு இருந்தால் வாழ்நாளுக்கும் போதும். கடற்கரை மணலில் எந்த முளையும் நிற்காது, சின்னச் சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்துவிட வேண்டும். மாடியில் என்றால் தண்ணீர் கேன்.

இன்னொன்று, எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் போடுவது எங்கள் மாவட்டத்திலும் கிடையாது, கொடைக்கானலிலும் கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போய் உயிரிழந்தவர்களை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பின்னால் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். மேகமலை இப்போது புலிகள் காப்பகம். ஆகவே பட்டா நிலம், உரிமையாளரின் சம்மதம், இரண்டும் இருக்கும் இடத்தில் மட்டும். கூடல்நகர் அண்ணனுக்கு நண்பர் தோட்டம் என்பதால் சரி, ஆனால் காட்டுமாடு வருகிற இடமா என்று அவரிடம் கேளுங்கள். பூண்டுப் பாத்தி ஓரத்தில் டென்ட் போட்டால் அது நேராக நடந்து வருகிற வழியாக இருக்கலாம். சாப்பாடு எதுவும் டென்டுக்குள் வேண்டாம். கொடைக்கானலுக்கு வண்டிக்கு இ-பாஸ் எடுக்கவும் மறக்காதீர்கள், 2024 மே முதல் அது கட்டாயம்.

ஆரப்பாளையம்_பஸ் | வியாழன் இரவு 9:10

குளிருக்குக் கரி அடுப்பை டென்டுக்குள் வைக்கிற மகான்களும் உண்டு. அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷ வாயு இருக்கிறது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அடுப்பு அணைந்த பிறகும் கரி கனன்றுகொண்டிருந்தால் அதே கதைதான். தேனி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பேசியும் யாரும் மடக்குவது எப்படி என்று சொல்லவில்லை. மதினி, நான்கு வருடமாக வைத்திருக்கிறீர்கள், உண்மையைச் சொல்லுங்கள், யார் மடக்குகிறார்கள்?

மேலூர்_மதினி | வியாழன் இரவு 9:34

நான்தான். வீட்டுக்காரருக்கு இன்னும் வரவில்லை.

ஆர்டிஓ ஆபீசில் எட்டுப் போடுவோமே, அதுதான். முதலில் ஜிப் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும், உள்ளே காற்று நின்றால் மடங்காது. டென்டைத் தட்டையாக அமுக்கி, வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நெட்டாக நிறுத்த வேண்டும். மேல் நுனியைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக உள்நோக்கி அழுத்தினால் நடுவில் இடுப்பு விழுந்து எட்டு மாதிரி ஆகும். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டக் கூடாது. அது எந்தப் பக்கம் போக விரும்புகிறதோ அந்தப் பக்கம் விட்டுக்கொடுத்தால் ஒரு வட்டம் இன்னொரு வட்டத்துக்குள் தானாக விழும். நம்மூர் ஆண்களுக்கு அந்த "விட்டுக்கொடுத்தால்" இடத்தில்தான் சிக்கல்.

கடையில் விரித்துக் காட்டச் சொல்லாதீர்கள், மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்கிறவருக்கே வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

மொட்டைமாடி | வியாழன் இரவு 9:50

அட, மடக்குக் கொசுவலை! கட்டில் மேல் வைப்போமே, வட்டமாக மடங்கிப் பைக்குள் போகிறதே, அதே முறுக்குதானே? அதை மடக்கத் தெரிந்தவருக்கு இதுவும் வரும். குழந்தைக்குப் போடுகிற குடைக் கொசுவலை, தார்ப்பாய் அண்ணன் சொன்ன அந்த இரண்டாவது ஜாதி. நம் வீட்டில் ஏற்கெனவே இரண்டு டென்டும் இருந்திருக்கிறது.

தார்ப்பாய்_தையல் | வெள்ளி காலை 6:40

கொசுவலை உதாரணம் சரியானது. வலையில் கம்பி மெலிசு, டென்டில் தடி, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஈரத்தோடு மடக்கி வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை. என்னிடம் வருகிற டென்டில் பாதி மழையில் செத்தவை இல்லை, பரணில் செத்தவை. விரிப்பின் உள்பக்கம் பூசியிருக்கும் பூச்சு ஈரத்தில் கிடந்தால் பிசுபிசுவென்று உரிந்து நாற்றம் அடிக்கும். அதற்கு மருந்து கிடையாது. அதேபோல வாரக்கணக்கில் மாடி வெயிலில் விட்டாலும் துணி நைந்துவிடும். நிழலில் காயவைத்து, தளர்வாக வையுங்கள். தூக்கிப் போடும் வகையைத் தளர்வாக வைக்க முடியாது என்பது அதன் குறை.

கூடல்நகர்க்காரன் | ஞாயிறு மாலை 5:15

மக்களே, ஒரு விசித்திரம் நடந்தது.

மேலூர் மதினி தனிச்செய்தி அனுப்பி, அவர்கள் டென்டை ஒரு வாரம் இரவல் தருவதாகச் சொன்னார்கள். நேற்றுப் போய் வாங்கி வந்தேன், அண்ணன் கறி விருந்தே போட்டுவிட்டார். இன்று காலை வீட்டு முற்றத்தில் விரித்தேன். விரித்தேன் என்று கூடச் சொல்ல முடியாது, நாடாவை அவிழ்த்ததும் அதுவே விரிந்தது. பிள்ளைகள் உள்ளே போய் மதியம் வரை வெளியே வரவில்லை.

அப்புறம் மடக்குதல். நான் நாற்பது நிமிடம். வீட்டுக்காரம்மா பத்து நிமிடம் முயன்றுவிட்டு எனக்கு வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பொறியியல் மாணவன் செல்போனில் வீடியோ பார்த்தபடி முயன்றான், எட்டுக்குப் பதில் ஏதோ கம்பராமாயண வில் மாதிரி ஆனது. அம்மா திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், "நகருடா" என்றார், இரண்டு பக்கமும் பிடித்தார், ஒரு முறுக்கு, முட்டியால் ஒரு அமுக்கு. தட்டு. பைக்குள் போட்டு ஜிப்பும் இழுத்துவிட்டார். பன்னிரண்டு வருடமாகத் தினமும் காலையில் தன் கொசுவலையை மடக்குகிறவர்.

அதனால் குடை வகை என்று மனதில் வைத்திருந்ததை மாற்றிக்கொண்டேன். தூக்கிப் போடுவதே வாங்குகிறேன். நான்கு பேர் அளவு, இரட்டைத் துணி, தையலில் பட்டை ஒட்டியது, கண்ணாடியிழைக் கம்பி. டிக்கியை அளந்தேன், தட்டு படுக்காது, முன் சீட்டுக்குப் பின்னால் நெட்டாக நிற்கும். கையில் இருந்ததைவிட 900 ரூபாய் கூடப் போகிறது, பரவாயில்லை.

ஆரப்பாளையம்_பஸ் | ஞாயிறு மாலை 5:31

அண்ணே, அம்மா எல்லாப் பயணத்துக்கும் வருவாரா?

கூடல்நகர்க்காரன் | ஞாயிறு மாலை 5:33

அதற்குள் நான் கற்றுக்கொண்டுவிடுவேன்.

கூடல்நகர்க்காரன் | டிசம்பர் 29, இரவு 10:20

போய்விட்டு வந்துவிட்டோம். வரிசையாகச் சொல்கிறேன்.

பூம்பாறை போய்ச் சேர இருட்டிவிட்டது, அதே கதை. ஆனால் இந்தத் தடவை பையன் வெளிச்சம் பிடித்தது ஒரு நிமிடம்தான். தேனி அண்ணன் சொன்ன மாதிரி முதலில் அரிசிப் பையை உள்ளே வீசினேன், அப்புறம் பட்டறைக் கம்பிகளை அடித்தேன். மண் ஈரமாக இருந்ததால் வெண்ணெயில் இறங்கியது போல் இறங்கியது, அந்த வீரத்தைக் காட்ட வாய்ப்பில்லை.

கணக்குவாத்தியார் சொன்னதைக் கேட்டுக் கீழே தார்ப்பாய், அதன் மேல் ஜமுக்காளம், அதன் மேல் ஒரு கம்பளி. குளிர் தெரிந்தது, ஆனால் தூங்க முடிந்தது. விடியற்காலையில் மேல்விரிப்பின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. டென்ட் ஒழுகிவிட்டது என்று பதறினேன். நண்பர் சிரித்தார். நான்கு பேர் இரவு முழுக்க விட்ட மூச்சு அது. குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை எல்லாம் மூடியிருந்தேன். இரண்டாம் இரவு மேலே உள்ள துவாரங்களைத் திறந்து வைத்தேன், பாதியாகக் குறைந்தது. உள்துணி நனையவில்லை, இரட்டைத் துணியின் அருமை அப்போது தெரிந்தது.

காட்டுமாடு ஒன்று இரவில் வேலி ஓரம் வந்து நின்றது. நாங்கள் கொட்டகைச் சுவரை ஒட்டி டென்ட் போட்டிருந்ததால் அது பாட்டுக்குப் போய்விட்டது. பெண் அதைப் பார்க்கவில்லை என்று இன்றுவரை அழுகிறாள்.

இனி கேட்கப் போகிற கேள்விக்குப் பதில். அம்மா வரவில்லை. முழங்கால் வலி, குளிர் ஆகாது என்றார். ஊரில் இருந்தபோது பதினைந்து தடவை மடக்கிப் பழகினேன், ஆறு தடவை சரியாக வந்தது. மலையில், ஈர விரிப்போடு, விறைத்த விரலோடு, ஒரு தடவை கூட வரவில்லை. அம்மாவுக்கு வீடியோ கால் போடலாம் என்றால் சிக்னல் இல்லை. கடைசியில் எட்டு வரை கொண்டுவந்து, அந்த எட்டை வேட்டியால் கட்டி, பின்சீட்டில் திணித்துவிட்டோம். வத்தலக்குண்டு வரை பிள்ளைகள் இருவரும் அதற்கு அடியில் படுத்துக்கொண்டு வந்தார்கள். டென்டுக்குள்ளேயே காரில் போகிறோம் என்று அவர்களுக்கு ஒரே குதூகலம். வீட்டு முற்றத்தில் வேட்டியை அவிழ்த்ததும் பட்டென்று விரிந்து துளசி மாடத்தில் போய் முட்டியது. அம்மா வந்து, "ஈரமா இருக்குடா, காயட்டும்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் மடக்கி வைத்தார்.

மேலூர்_மதினி | டிசம்பர் 29, இரவு 10:41

வேட்டியால் கட்டியதுதான் உச்சம். அம்மாவுக்கு என் வணக்கம்.

தார்ப்பாய்_தையல் | டிசம்பர் 30, காலை 6:45

எட்டிலேயே கட்டி வைத்துக் கொண்டுவந்தது கம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் முறுக்கு விழுந்த இடத்தில் துணி உரசியிருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு தடவை பாருங்கள். ஊசி ஓட்டை அளவு தெரிந்தால் கொண்டுவாருங்கள், ஒட்டித் தருகிறேன்.

ஆரப்பாளையம்_பஸ் | டிசம்பர் 30, காலை 8:10

அண்ணே, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பீர்களா? என் டென்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கேரம் போர்டு என்று நினைத்து யாரும் விளையாடக் கூப்பிடாமல் இருந்தால் சரி.

கூடல்நகர்க்காரன் | டிசம்பர் 30, காலை 8:26

வாருங்கள் தம்பி. ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார், எழுந்து வரமாட்டார்.